பதிலாள்

லோகேஷுக்கு ஜீப் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்த அன்று, அவன் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறான் என்பது எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கவில்லை. ஃப்ளெக்ஸில் முடிவாகியிருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரியின் பெயர் சிவப்பு எழுத்தில். அதற்குக் கீழே, 'எங்கள் ஸ்டாண்டின் முதல் எஞ்சினியர்' என்று மஞ்சள் எழுத்தில். நடுவில் என் தம்பி கோட்டும் டையும் போட்டு நின்றான். தலை மட்டும்தான் அவனுடையது, உடம்பு யாருடையதோ. சுற்றிலும் பதினாறு டிரைவர்களின் முகங்கள் வட்ட வட்டமாக. அப்பாவின் வட்டம் மட்டும் கொஞ்சம் பெரியது.

அப்பா பாண்டீஸ்வரன் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்டுகளை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். ஜீப் அடிமாலிக்காரர் ஒருவருடையது. அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து ஒரு பெண் அப்பாவுக்குப் போன் செய்து, 'பாண்டீஸ்வரன் சார், உங்க பையனுக்கு சீட் ரெடியா இருக்கு சார்' என்று சொல்லியிருக்கிறாள். பிளஸ் டூ முடித்த எத்தனையோ வீடுகளுக்கு அதே போன் வந்தது. எங்கள் எஸ்டேட் குடியிருப்பில், எங்கள் லயத்திலேயே இன்னும் இரண்டு வீட்டுக்கு வந்தது. ஆனால் அப்பாவை டூரிஸ்டுகள் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சார் என்று கேட்ட காதோடு அவர் ஸ்டாண்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவருடைய கூட்டாளி சுடலைமணி மாமா மறுநாளே பூப்பாறைக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்டுவிட்டு அடித்தால் என்ன? எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அதே வாரத்தில்தான் இன்னொரு கடிதமும் வந்திருந்தது. தொடுபுழைப் பக்கத்தில் ஒரு கல்லூரி. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு டிரஸ்ட் வருடத்துக்கு மூன்று பேரை அங்கே படிக்க வைக்கிறது. பரீட்சை வைத்து, நேரில் கூப்பிட்டுப் பேசி, லோகேஷை எடுத்திருந்தார்கள். நான்கு வருடத்துக்கும் ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், லேப்டாப், ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வந்துபோகிற பஸ் காசு வரைக்கும் அவர்கள் பொறுப்பு. இருபதாம் தேதிக்குள் சம்மதக் கடிதத்தில் அவனும் அப்பா அம்மாவில் ஒருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க் கல்லூரி பெரியது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அங்கே படித்தவர்களைப் பெரிய பெரிய கம்பெனிகள் வந்து எடுத்துப் போகின்றன. ஆனால் லோகேஷுக்கு அங்கே மெரிட்டில் இடமில்லை. மேனேஜ்மென்ட் சீட்தான். முதல் வருடத்துக்கு எவ்வளவு என்று அப்பா சொன்னபோது, மாத்திச் சொல்றீகளா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். இரண்டு இடத்திலும் ஒரே படிப்பு, கம்ப்யூட்டர் எஞ்சினியரிங். ஒன்றில் எல்லாம் இலவசம். மற்றதில் எல்லாவற்றுக்கும் காசு.

'இலவசமா வாரதுக்கு என்னத்தா மதிப்பு? ரேசன் அரிசி மாதிரி' என்றார் அப்பா.

அந்த ரேஷன் அரிசியைத் தின்றுதான் நாங்கள் நான்கு பேரும் வளர்ந்திருக்கிறோம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்கு வாயில் வருவதெல்லாம் உதட்டுக்கு உள்ளேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். 'ராமலட்சுமி ஆப்சென்ட்' என்று நான் உட்கார்ந்திருக்கும்போதே பல நாள் எழுதியிருக்கிறார்கள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது நிஜமாகவே ஆப்சென்ட் ஆனேன். கொரோனா சமயம். வீட்டில் ஒரே போன். எனக்கும் லோகேஷுக்கும் ஒன்பது மணிக்கு வகுப்பு. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிறகு, அவன் சின்னப் பையன், கணக்கில் கெட்டி, நீ அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம் என்று அப்பா போனை அவன் கையில் கொடுத்தார். அந்த அடுத்த வருஷம் இதுவரை வரவில்லை. சின்னக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் படுக்கை விரிப்புத் துவைக்கிறேன். படிப்பை நிறுத்தியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ வகுப்பு நடக்கிறது. அதில் நானாகப் பெயர் கொடுத்து இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறேன். ஜூலையில் பரீட்சை. பாஸானால் மதுரையிலோ கோட்டயத்திலோ நர்சிங்கோ லேப் படிப்போ, ஏதாவது ஒன்று. இந்த மலையை விட்டு இறங்கிப் போய்ப் படிப்பேன். அப்பா அதை ஞாயித்துக்கிழமைக் காலேஜ் என்பார். ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பாராம்.

கோயம்புத்தூருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நான் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என் ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் கேட்டாள். எதுக்கும்மா என்றேன். ரேசன் கார்டுல ஏதோ சேக்கணுமாம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் குழாயடியில் இன்பமேரி அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் அம்மாவும் அவளும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்தெடுப்பவர்கள்.

'நல்லாப் பாத்துக்கடி. இன்னும் ஒரு மாசத்துல இந்தக் கை எங்க கை மாதிரி கறுத்துப் போகும். கல்யாணத்துக்கு மருதாணிச் செலவு மிச்சம்' என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். 'திங்கக்கெழம வரும்போது காலுக்குப் பூட்ஸு கொண்டுட்டு வா. மழைக்கு அட்டை புடுங்கி எடுக்குது.'

எனக்குப் புரியவில்லை. புரியாத முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். 'உங்கம்மா சொல்லலையா?' என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. லயத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு, அந்த வீட்டிலிருந்து ஒரு நிரந்தரத் தொழிலாளி போகும்வரை வீடு அவர்களுக்கு. அந்த ஆள் வேலையை விட்டால் வீட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமலிருக்க ஒரே வழி, மகனோ மகளோ அதே இடத்தில் பதிலாளாக ஏறுவது. ஏறிவிட்டால் பிறகு இறங்க முடியாது. இறங்கினால் வீட்டில் இருக்கிற எல்லோரும் தெருவுக்கு வருவார்கள். கல்யாணமானாலும் மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருக்க வேண்டும். ஒரு வீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் மலை ஏறுவதுதான் பதிலாள்.

அம்மாவுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு இருபது. இப்போதே வேலையை விட்டால் இத்தனை வருடத்து கிராஜுவிட்டியும் பி.எஃபும் மொத்தமாகக் கையில் வரும். அது லோகேஷின் முதல் வருடம். அதற்காக நான் பதிலாள். என் ஆதார், என் போட்டோ, என் முப்பத்தெட்டு வருடம்.

அன்று மாலை நான்கு பேரும் வீட்டில் இருந்தோம். கேட்டேன். அப்பா ஒளிக்கவில்லை. ஒளிக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுல சும்மாதான இருக்க என்றார். சும்மா இல்லை, துவைக்கிறேன், படிக்கிறேன் என்றேன். நிரந்தர வேலை, பி.எஃப் பிடிப்பாக, ஆஸ்பத்திரி இருக்கு, எத்தனை பேரு காத்துக் கெடக்கான் தெரியுமா என்றார். தம்பி எஞ்சினியர் ஆகிவிட்டால் எல்லோரையும் அவன் பார்த்துக்கொள்வான் என்றார். தொடுபுழையில் படித்தாலும் அவன் எஞ்சினியர்தானே என்றேன். 'பத்தாவதோட நின்னவ காலேஜப் பத்திப் பேசாத' என்றார்.

நான் நிற்கவில்லை. என்னை நிறுத்தினார்கள்.

லோகேஷ் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கு எதுடா வேணும் என்று அவனைக் கேட்டேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், 'எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டுட்டாங்கக்கா' என்றான். பிறகு, நாலு வருஷம்தானே, அப்புறம் நான் பாத்துக்கிறேன் என்றான்.

'நாலு வருஷம் கழிச்சு நீ வந்து கொழுந்தெடுப்பியா?'

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்குக் கோபம் வந்ததாம். அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எதுக்கும்மா பொய் சொல்லி ஆதார் வாங்குன என்றேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. தானும் பதினெட்டு வயதில் அவளுடைய அம்மாவுக்குப் பதிலாளாகத்தான் ஏறினாளாம். தேவிகுளத்தில் தையல் படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூட்டிக்கொண்டு வந்து மறுநாள் பெரட்டில் நிறுத்தினார்களாம்.

'எனக்கு மட்டும் கேட்டாகளா?' என்றாள்.

இத்தனை நாளில் நான் அம்மாவை வெறுத்தது அந்த ஒரு நிமிடம்தான். அப்பாவுக்குத் தெரியாது, லோகேஷுக்குத் தெரியாது, சுடலைமணி மாமாவுக்குத் தெரியவே தெரியாது. இவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடுப்பு எப்படி வலிக்கும் என்று தெரியும். தனக்கு நடந்தது மகளுக்கும் நடக்கலாம் என்பதற்கு, தனக்கு நடந்ததையே காரணமாகச் சொல்கிறாள். நான் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். பேசாததைப் பார்த்து அவர்கள் எல்லோரும் நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்தார்கள். எப்போதும் அப்படித்தான் நினைப்பார்கள். என் வெட்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் வசதியான சாமான்.

திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். அம்மா, அப்பா, நான். அப்பா துவைத்த சட்டை போட்டிருந்தார். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கிளார்க் ஜின்சன் இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தார். ஒன்று அம்மா வேலையை விடுவதாக. இன்னொன்று நான் ஏறுவதாக. என்னுடையது முதலில் முடிய வேண்டும், அப்புறம்தான் அம்மாவுடையது என்றார். என் போட்டோவை ஒட்டியாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

அவர் மலையாளம் கலந்த தமிழில், எழுதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

'ராமலட்சுமி, வயசு இருபது. அம்மையோட ஸ்தானத்துல ஏறுறதுக்கு சம்மதம் தன்னே?'

'சம்மதம் இல்ல.'

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு தடவை சொன்னேன். தலையைத் தூக்கி, எந்தா என்றார். மூன்றாவது தடவை அது நான் நினைத்ததைவிட ரொம்பப் பெரிதாக வந்துவிட்டது. சம்பள ஜன்னலில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா சிரித்தார். சின்னப் புள்ள, வெக்கப்படுது, நீங்க எழுதுங்க சார் என்றார். ஜின்சன் பேனாவை மூடினார்.

'ஆளு வேண்டாம்னு சொல்லும்போ நான் எங்ஙனெ எழுதும், பாண்டி அண்ணா?'

அப்பா என் தோளைப் பிடித்தார். விரல்கள் எலும்பில் பதிந்தன. வெளியே வா, பேசலாம் என்றார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த மேசை இல்லாவிட்டால் போயிருப்பேன். இவ கெடக்கா, நீ ஒப்பு வையி, வீட்டப் பத்திப் பொறவு பாத்துக்கலாம் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். பதிலாள் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் அறுபது நாளில் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று ஜின்சன் நிதானமாகச் சொன்னார். அம்மா பேனாவைக் கையில் வைத்திருந்தாள்.

'எங்கிட்டுப் பாப்பீக? ஜீப்புலயா குடியிருக்க?' என்று அப்பாவிடம் கேட்டாள்.

பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நேராக மூன்றாம் நம்பர் மலைக்குப் போய்விட்டாள். அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அது எனக்காக வைத்த பேனா இல்லை, வீட்டுக்காக வைத்தது. எனக்குத் தெரியும்.

அடுத்த மூன்று நாளும் அப்பா என் கையிலிருந்து சோறு வாங்கவில்லை. வட்டிக்கு வாங்குவேன் என்று கத்தினார், யாரும் கொடுக்கவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. கூடப் பொறந்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முழுச் செலவும் கொடுத்துப் படிக்க வைக்க ஆள் காத்திருக்கிற பையன். அவன் சோற்றில் நான் மண்ணள்ளிப் போட்டேனாம். என் சோற்றில் விழ இருந்தது என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது கேட்டாளா? அவர்களில் பாதிப் பேர் பதிலாளாக ஏறியவர்கள்.

வியாழக்கிழமை லோகேஷ் சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தான். அப்பா வண்டியில் போயிருந்தார். கடிதம் அவன் பாயின் அடியில் இருந்திருக்கிறது. அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், என்ன எழுதியிருக்குன்னு பாரு என்று என்னிடம் நீட்டினாள். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. அவன் கையெழுத்தும் இருந்தது. பக்கத்தில் தேதி.

அது ஃப்ளெக்ஸ் வைத்ததற்கு முந்தின நாள் தேதி.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தொடுபுழைதான் வேண்டியிருந்தது. முதல் நாளிலிருந்தே. கோயம்புத்தூரில் அவ்வளவு பணக்காரப் பையன்களோடு தன்னால் முடியாது என்று பயந்திருக்கிறான். நேர்முகத்தில் தொடுபுழை லேபைச் சுற்றிக் காட்டிய சார் நன்றாகப் பேசினாராம், அது பிடித்திருந்ததாம். எல்லாவற்றையும் இப்போது சொன்னான். அப்பா ஸ்டாண்டில் அவமானப்படுவாரே என்று சொல்லாமல் இருந்துவிட்டானாம்.

'அதுக்கு என்னைய மலைக்கு அனுப்பிருப்பியா?'

'நீ மாட்டேன்னு சொல்லுவன்னு நெனச்சேன்க்கா.'

அறைந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே ஆள் அவன்தான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவன் அதைச் சொல்லாமல், வாயே திறக்காதவள் என்று ஊரே சொல்லும் என் தலையில் அதைக் கட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து போன் பார்த்திருக்கிறான். நான் அன்று அந்த மேசையைப் பிடிக்காமல் விட்டிருந்தால், அவன் பிடிக்காத கல்லூரியில் நான்கு வருடம் இருந்திருப்பான். நான் மலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்திருப்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறான் போலிருக்கிறது.

அம்மா எங்களை விலக்கவில்லை. கடிதத்தை வாங்கித் தரையில் வைத்துத் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். சாந்தம்மாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்தது. சுடலைமணி மாமா ஃப்ளெக்ஸில் கல்லூரிப் பெயர் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார், மழையில் அது கிழிந்து தொங்கியது. லோகேஷ் போகிற அன்று அப்பா கொழுக்குமலைக்கு டிரிப் இருக்கிறது என்று போய்விட்டார். பெட்டியை நான்தான் பஸ் வரை தூக்கிப் போனேன். அவன் ஸாரிக்கா என்றான். நான் பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கினேன்.

ஜூலையில் பரீட்சை எழுதினேன். கடைசிப் பரீட்சை முடிந்து வந்த அன்று அம்மா வேலையிலிருந்து இறங்கி வரும் பாதையில் எதிரே வந்தாள். தோளில் ஈரச் சாக்கு. நின்றாள். ஃபீல்டு ஆபீசர் கூப்பிட்டு விசாரித்தாராம். ஆள் பற்றாக்குறை, உன் மக இப்பவாவது ஏறுவாளா என்று கேட்டாராம்.

நீ என்ன சொன்ன என்றேன்.

'அவகிட்டயே கேளுங்கன்னேன்.'

நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். இப்போதும் அவள்மேல் எனக்குக் கோபம்தான். அம்மா சாக்கை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

'எனக்கெப்படித் தெரியும்? நான் ஒன்ட்ட எதையும் கேட்டதே இல்லையே' என்றாள்.

பிறகு, பரீட்சை எப்படி எழுதின என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் மழையில் நின்றுகொண்டு காத்திருந்தாள்.